அண்ணாந்து பார்க்கும் கண்

‘கொஞ்சம் மேலே பாருங்க.’ ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடத்தப்படும் பாரம்பரிய நடைகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் வாக்கியம் இது. ஆகஸ்டு 22ஐச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004இல் தொடங்கிய பிறகு இத்தகைய நடைகள் பெருகிவிட்டன. காலை ஆறரைக்குப் பாரிமுனையில் இருபது முப்பது பேர் கூடுகிறார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், காமிரா. ‘அறியப்படாத சென்னை’ என்கிறது அழைப்பு. யாரால் அறியப்படாதது? அங்கேயே பிறந்து, மூட்டை தூக்கி, பூக்கட்டிச் செத்துப் போகிறவர்களால் அல்ல என்பது வெளிப்படை. சொல்லாமல் விட்ட ஓர் எழுவாய் அந்தத் தொடருக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

நானும் கட்டணம் கட்டிவிட்டுத்தான் போனேன். எனவே வெளியே நின்று கல்லெறிகிறவனின் குரல் அல்ல இது.

நகரத்தை ஒரு பிரதி என்று கொண்டால் நடை அதற்கு எழுதப்படும் உரை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு உரையாசிரியர்களின் தந்திரம் கொஞ்சம் தெரியும். பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லைத் தூக்கி வேறெங்கோ கொண்டுகூட்டிப் பொருள் கொள்வதைப் போல, வழிகாட்டியும் இரண்டு தெருக்களைத் தாண்டிக் குதித்து மூன்றாவது தெருவை முதல் தெருவோடு கூட்டுகிறார். இடையில் விடுபட்ட சந்துகள் என்ன ஆயின என்று உரை சொல்வதில்லை. ‘மேலே பாருங்க’ என்பது இந்த உரையின் முதல் விதி. மேலே சுண்ணாம்புப் பூவேலை, இரும்புத் தாங்கி, கட்டிய ஆண்டு. கீழே மீன்பாடி வண்டி, பீடிப் புகை, நடைபாதையில் இன்னும் எழாத உடம்புகள். கண் கீழே இறங்கினால் கதை கெட்டுவிடும்.

ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த ‘மிதாலஜிஸ்’ நூலில் ஒரு பயணக் கையேட்டைப் பிரித்துப் போடுகிறார். அந்தக் கையேட்டுக்கு ஸ்பெயின் என்றால் தேவாலயங்கள். மனிதர்கள் வகைமாதிரிகளாக மட்டும் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தைக் கொண்டுவந்து மண்ணடியில் நிறுத்துவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். அவர் அங்கே சரியாகத்தான் நிற்கிறார். எங்கள் நடையிலும் ‘கடின உழைப்பாளிகளான சுமைத் தொழிலாளர்கள்’ ஒரு தடவை வந்தார்கள், புகைப்படத்துக்கு.

சும்மா சொல்லக் கூடாது, வழிகாட்டிக்கு விஷயம் தெரிந்திருந்தது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரம் நிற்கும் கல்தூணை அவர் காட்டியிராவிட்டால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். இத்தனை வருஷமாக அதைக் கடந்து பஸ் பிடித்தவன். 1773இல் கம்பெனி ஆறு தூண்களை நட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். இந்தக் கோட்டுக்குத் தெற்கே, கோட்டைப் பக்கம், யாரும் வீடு கட்டக் கூடாது. கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும். 1746-49 பிரெஞ்சு ஆக்கிரமிப்பின்போதும் பிறகு கம்பெனியாராலும் தரைமட்டமாக்கப்பட்ட பழைய கறுப்பர் நகரத்தின் மேல்தான் 1892இல் முடிந்த சிவப்பு உயர்நீதிமன்றம் நிற்கிறது.

இவ்வளவும் சொன்னார். சொன்ன விதம்தான் பிரச்சினை. ‘ராணுவத் தேவைக்காக ஊர் அகற்றப்பட்டது.’ செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியானது! அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது; பூக்கடைப் பக்கம் இன்றும் இருக்கிறது. பெருமாளின் புதிய முகவரி நமக்குத் தெரிகிறது. கூரை போட்டுக் குடியிருந்தவர்களின் முகவரி இந்தக் கதையாடலில் இல்லை.

அடுத்து வால் டாக்ஸ் ரோடு. புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிவிட்டு அதற்கான செலவைக் குடிமக்கள் தலையில் வரியாகப் போடப் பார்த்தது கம்பெனி. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் மதிலுக்கு உள்ளே இருந்த மதில்கள் சிரிப்புக்குரியவை அல்ல. 1707இல் இடங்கை, வலங்கைச் சாதிகளுக்கிடையே மூண்ட சண்டையில் கவர்னர் தாமஸ் பிட் தலையிட்டுத் தெருக்களையே பிரித்துவிட வேண்டியதாயிற்று. பெத்துநாயக்கன்பேட்டை, முத்தியால்பேட்டை என்ற பெயர்கள் அந்தப் பிரிவினையின் நினைவைச் சுமப்பவை. கம்பெனி ஆவணங்களில் கறுப்பர் நகரத்தை ஒட்டி ‘பெரிய பறச்சேரி’ என்றொன்று வருகிறது. மூன்று மணி நேர நடையில் அந்தப் பெயர் வரவில்லை. சாதி என்ற சொல்லே வரவில்லை. ‘கம்யூனிட்டி’ வந்தது, ஏழெட்டுத் தடவை.

ஏழுகிணறுப் பக்கம் போனோம். கோட்டைக்குக் குடிநீர் கொண்டு போக 1772இல் ஏற்பட்ட கிணறுகள். வள்ளலார் வாழ்ந்த வீராசாமிப் பிள்ளை தெரு வீடும் அங்கேதான். ஒரு சந்தில் வழிகாட்டி பழைய மரத்தூண் ஒன்றைச் சுட்டிக் காட்ட, நாங்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றோம். குடத்தோடு வந்த ஒரு அம்மா கேட்டார்:

‘இன்னா சார், வூடு அளக்க வந்துகிறீங்களா?’

‘இல்லம்மா, சும்மா பாக்க வந்தோம்.’

‘சும்மா பாக்கறதுக்கு இங்க இன்னா கீது?’

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

அன்றைய நடையில் நிகழ்ந்த ஒரே சரியான வாசிப்பு அந்த அம்மாவினுடையது என்பேன். நோட்டுப் புத்தகம், காமிரா, சுவரை நோக்கி நீளும் விரல்: இந்தக் குறிகளுக்கு அவர் அனுபவத்தில் ஒரே ஒரு பொருள்தான். 1971 குடிசைப் பகுதிச் சட்டத்துக்குப் பிறகு இந்நகரில் கணக்கெடுப்பு என்பது பல நேரம் வெளியேற்றத்தின் முதல் வரி. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து அள்ளிக் கொண்டுபோய் இறக்கிய பெரும்பாக்கம் என்று அந்தப் பிரதி நீள்கிறது. குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாயிற்று. பெயர் மாறியது. கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020இல் பிரம்மாண்ட ஓவியங்கள் தீட்டப்பட்டன. நகரத்தை விட்டு அகற்றப்பட்டவர்களின் குடியிருப்பு இப்போது நகரத்தார் போய்ப் பார்க்கும் இடம். அங்கும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

சுவரைத் தரையில் நின்று வாசிக்க முடியாதா? பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) செய்தது அதைத்தான். வடசென்னையின் ஒரு சுவர் அதில் அழகு அல்ல, யார் பெயரை யார் எழுதுவது என்ற சண்டை.

நம் மரபிலும் வழிகாட்டுதல் ஓர் இலக்கிய வகை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் பசியோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிறான்: எந்த ஊரில் எந்தத் திணை மக்கள், என்ன சோறு போடுவார்கள், எங்கே தங்கலாம். நேற்றுப் பசித்தவன் இன்று பசிக்கிறவனிடம் பேசுகிறான். (வழி போய் முடிவது புரவலன் வாசலில் என்பதையும் மறந்துவிட வேண்டாம், நான் பழம்பெருமை பேச வரவில்லை.) பாரம்பரிய நடையில் சொல்பவனும் கேட்பவனும் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். எங்கே நல்ல டிபன் கிடைக்கும் என்பதோடு சோற்றுப் பேச்சு முடிந்துவிடுகிறது.

இதுவரை எழுதியதைத் தோழர்கள் ஏற்றுக்கொள்வார்கள். மேலே எழுதப் போவதுதான் கசக்கும். நம்மவர்களும் ஒரு நடை நடத்தினார்கள், பின்னி ஆலை இருந்த பகுதியில். 1876இல் பக்கிங்காம், 1881இல் கர்நாடிக், 1996இல் மூடல். 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம். பேசியவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. அங்கிருந்து ஒரே தாவலில் 1923 மே தினத்துக்கும் சிங்காரவேலருக்கும் போய்விட்டார். தாண்டப்பட்டது 1921. அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பியதும், தொழிலாளர்களே சாதியாகப் பிளந்து மோதியதும், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும், துப்பாக்கிச் சூடு நடந்ததும், எம்.சி. ராஜா ஒரு பக்கமும் சங்கத் தலைவர்கள் மறுபக்கமும் நின்றதும் அந்த உரையில் இல்லை. திரும்பியவர்கள் ஏன் திரும்பினார்கள் என்ற கேள்வியை எழுப்பினால் வர்க்கம் என்ற சொல்லுக்குள் இருக்கும் சுவரைக் காட்ட வேண்டிவரும். வெள்ளைக்காரன் கட்டிய மதிலைக் காட்டுவது சுலபம்.

அடுத்த நடைக்கான வழித்தடத்தை நண்பர் ஒருவர் துண்டுத் தாளில் போட்டுக் காட்டினார். ஆலை வாசல், சங்கக் கட்டடம், பெரம்பூர் பாரக்ஸ் சாலை எல்லாம் இருந்தன. புளியந்தோப்பு ஏன் இல்லை என்று கேட்டேன். அதற்குள் வெயில் ஏறிவிடும் தோழர் என்றார்.