குறுமுனியின் உயரம்

மாசி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, இரவு எட்டரை மணிக்கு, டெல்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் தெற்கே பார்த்து நின்றால் அகத்தியர் தெரிவார். அதற்கு முந்தின நாள் மழை பெய்திருக்க வேண்டும், காற்றும் அடித்திருக்க வேண்டும். சிரியஸ் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பார்வையை நேர் கீழே இறக்கிக்கொண்டே வரவேண்டும். பாலம் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானங்களின் விளக்குகளுக்கு நடுவில் ஒரு நட்சத்திரம் மட்டும் நகராமல், சிவப்பும் நீலமுமாக நடுங்கிக்கொண்டிருக்கும். அவர்தான்.

அந்த நேரத்து வானத்தின் அமைப்பை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். சாமிநாதனின் தீபாராதனை முடிந்து வெளியே வருகிறோம். அவனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவரும் உச்சியிலிருந்து மேற்கே சரிந்திருக்கிறார்கள். அவன் அப்பனுடைய திருவாதிரை தெற்கு வானில் உயரத்தில் செம்மையாக நிற்கிறது. அவனிடம் தமிழ் கற்றதாகச் சொல்லப்படும் முனிவர் அடிவானத்தை ஒட்டி நிற்கிறார். 1973-இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் இதையெல்லாம் நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் வருஷா வருஷம் அந்தக் காட்சி அங்கே கூடுகிறது.

எனக்கு அகத்தியரைக் காட்டியவர் அப்பா. அம்பாசமுத்திரத்து மொட்டை மாடியில் கையை நீட்டி, அடிவானத்தின் மேல் முஷ்டியை வைப்பார். அதன் மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. ஒரு முஷ்டி பத்துப் பாகை. மூன்றாவது முஷ்டியின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே அகத்தியர் நிற்பார். பொதிகைக்காரருக்கு ஏற்ற உயரம். பின்னால் நான் கரோல் பாகில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டை மாடி அறையில், குடியிருந்தபோது அப்பா வந்தார். மாசி மாதம்தான். மாடியில் நின்று ஒரே ஒரு முஷ்டியை வைத்தார். நட்சத்திரம் அதற்குள்ளேயே மறைந்துவிட்டது. "இங்க வந்தாத்தான்டா அவரு நெசமாவே குறுமுனி" என்றார். பிறகு கையைக் கூப்பினார்.

அவர் கும்பிட்டது எதை என்று எனக்குப் புரியப் பல வருஷமாயிற்று. அகத்தியர் விண்நடுக்கோட்டுக்கு 52.7 பாகை தெற்கே இருக்கிறார். டெல்லி 28.6 பாகை வடக்கே. ஆகவே இங்கே அவர் எவ்வளவு ஏறினாலும் ஒன்பது பாகைக்கு மேல் ஏற முடியாது. எழுந்து ஆறு மணி நேரத்துக்குள் மறைந்தும் போவார். சென்னையில் 24, பொதிகையில் 29. ஒரு பாகை தெற்கே போனால் ஒரு பாகை மேலே ஏறுவார், இம்மி பிசகாது. கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் இதே நட்சத்திரத்தை வைத்துத்தான், ரோட்ஸ் தீவில் அடிவானத்தைத் தொடுவதையும் அலெக்சாந்திரியாவில் உயர்வதையும் ஒப்பிட்டு, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். படைத்தவனின் கைவேலை என்றால் எனக்கு இந்த அளவுதான். நட்சத்திரங்களின் எண்ணிக்கையில் எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை.

இங்கேதான் என் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. லடாக்கில் உள்ள ஹான்லேக்குப் போய் வந்தவர்கள் பால்வெளியைப் பற்றிப் பேசினால் பேச்சு நிற்காது. 2022-இல் அங்கே இருண்ட வானக் காப்பகம் அறிவித்தது நல்ல காரியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. 4,500 மீட்டர் உயரத்தில் வானம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு வடக்கே அகத்தியரின் உச்சி உயரம் நாலரைப் பாகைதான். ஒரு மலை முகடு போதும் அவரை மறைக்க. கூட்டத்தைக் கண்டு பிரமிப்பது ஒரு சுகம். ஒருவருக்காகக் காத்து நின்று காண்பது வேறு. ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு தூணின் முன்னால் அரை நாள் நிற்கும் ரசிகர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மன்னர் ஜெய்சிங்குக்கும் விளங்கியிருக்கும். 1724-இல் அவர் டெல்லியில் கட்டிய ஜந்தர் மந்தர் வானாய்வுக்கூடத்தில் எல்லாரும் சம்ராட் யந்திரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதன் சாய்வு டெல்லியின் அட்சரேகையேதான், வானத்தின் வடதுருவத்தை நேரே காட்டுகிறது. என் மனம் நிற்பது ஜெயப்பிரகாசத்தில். வானத்தைக் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் இரண்டு. ஒன்றில் வெட்டிவிட்ட பகுதி மற்றதில் தளமாக இருக்கும். பகலில் நிழல் விழுந்து அளவு காட்டும். இரவில் வெட்டின இடைவெளிக்குள் இறங்கி, விளிம்பில் கண்ணை வைத்து, மேலே கம்பிகள் குறுக்கிடும் புள்ளியில் நட்சத்திரத்தைப் பொருத்த வேண்டும். அதன் இடம் விளிம்பிலேயே எழுதியிருக்கும். பித்தளைக் கருவிகளில் அச்சு தேய்ந்து மையம் நகர்ந்துவிடுகிறது என்றுதான் அவர் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போனார். இவ்வளவு பிடிவாதமாக அளந்த மனிதர், முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரில் தொகுத்த வானியல் அட்டவணையைத் தொடங்குவது இறைத்துதியோடு. இறைவன் பெருமைக்கு முன்னால் பெரிய கணித வல்லுநரும் இயலாமையை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் என்கிறார். அளந்து பார்த்தவர் சொன்னதால் எனக்கு அந்த வணக்கம் பெரிது.

அந்தக் கிண்ணத்தை இன்று நாம் பகலில் மட்டும் சுற்றிப் பார்க்கிறோம். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி அடிவானம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. கார்த்திகையிலும் மார்கழியிலும் புகையில் நிலவே மங்கலாகத்தான் தெரிகிறது. கரோல் பாகில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாடியில் படுத்தவர்கள் ஒருவரும் இப்போது மாடிக்கு வருவதில்லை. வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் அகத்தியருக்கென்று தனி அத்தியாயமே வைத்தார். மழைக்காலம் முடிந்து அவர் உதித்தால் கலங்கிய நீர் தெளியும் என்பது பழைய நம்பிக்கை. இப்போதும் அவர் தவறாமல் உதிக்கிறார். காளிந்தி குஞ்ச் பக்கம் யமுனையில் ஐப்பசியில் மிதப்பது வெள்ளை நுரை.

2020 மார்ச் கடைசியில், ஊரடங்கின் முதல் வாரத்தில், இரவு ஏழரைக்கு வீட்டு மாடியில் ஏறினேன். விமானம் ஒன்றுகூட இல்லை. தெற்கே கொஞ்சம் மேற்காக அகத்தியர், நடுக்கம் குறைந்து, வெள்ளையாக. அந்த ஒளி அவரை விட்டுக் கிளம்பி 310 வருஷம் போல ஆகிறது. அப்போது ஜெய்சிங் அம்பேரில் அரசாளத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் போலத்தான் ஆகியிருந்தன. நங்கநல்லூரில் இருக்கும் தங்கையை ஃபோனில் கூப்பிட்டு மாடிக்குப் போகச் சொன்னேன். முஷ்டி வைக்க அவளுக்கும் அப்பாதான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"ரெண்டு முஷ்டி, அதுக்கு மேல கொஞ்சம் இருக்குண்ணா. உனக்கு?"

"முக்கால்தான்" என்றேன்.