உப்புநீர் எரிபொருளாகுமா?

நெருப்பை அணைக்க நாம் நாடும் நீரே எரியக் கண்டால் யாருக்கும் வியப்பு உண்டாகும். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கான்சியஸ் என்பவர் அத்தகைய காட்சியைச் செய்து காட்டினார். புற்றுநோய்ச் சிகிச்சைக்கென அவர் அமைத்த வானொலி அலைக் கருவியில் உப்புநீர் நிரம்பிய சோதனைக் குழாயை வைத்துத் தீ மூட்டியபோது, மஞ்சள் நிறச் சுடர் நிலையாக நின்று எரிந்தது. கடல்நீரே நாளைய எரிபொருள் என்று செய்திகள் பரவின.

காட்சி பொய்யன்று. ராஞ்சியில் பிறந்து பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரஸ்டம் ராய் இதனைச் சோதித்து, 2008-இல் கட்டுரை வெளியிட்டார். நூற்றுக்கு 1 முதல் 30 பங்கு வரை உப்புள்ள கரைசல்களில் 13.56 மெகா ஹெர்ட்ஸ் அலைகள் பாயும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து வெளிவருகின்றன, அக்கலவையே எரிகிறது. ஆகவே எரிந்தது நீருமன்று, உப்புமன்று. உப்பின் அயனிகள் அலையின் ஆற்றலை ஏற்க உதவுகின்றன. ஏறத்தாழ நிறமற்ற ஹைட்ரஜன் சுடருக்கு மஞ்சள் நிறம் தருவது சோடியம்.

ஆயினும் அக்கட்டுரையின் தலைப்பில் 'வினையூக்கம்' என்ற சொல் இடம் பெற்றது பொருத்தமன்று. வினையூக்கி என்பது வினையின் வேகத்தைக் கூட்டுமேயன்றி, அதற்கு வேண்டிய ஆற்றலைத் தானே கொடுக்காது. இங்கோ அலையை நிறுத்தினால் சுடரும் அணைந்துவிடும். நீரைப் பிளக்கும் செலவு முழுவதும் அலையினுடையதே.

செய்திகள் கேட்கத் தவறிய கணக்கு இதுதான். 18 கிராம் நீரைத் தனிமங்களாகப் பிரிக்கக் குறைந்தது 286 கிலோ ஜூல் தேவை. அவை மீண்டும் எரிந்து நீராவியாகும்போது கிடைப்பது 242 கிலோ ஜூல். கருவி குறையற்றதாயினும், நீராவி குளிர்ந்து நீராகும் வெப்பத்தைப் பிடிக்காவிடில் 44 கிலோ ஜூல் நட்டம். பிடித்தாலோ வரவும் செலவும் சமம். கரைசல் சூடாவதாலும் அலையாக்கியிலும் வீணாகும் ஆற்றல் இதில் சேரவில்லை. சுடரின் வெப்பநிலை 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டியது என்று வியந்தனர். தீக்குச்சியின் சுடரும் மிகச் சூடானதே. அதைக் கொண்டு ஒரு குடம் நீரைக் கொதிக்க வைக்க முடியுமா? வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு.

நீர்க்கரைசல் எரிவதே இல்லை என்பதன்று. எத்தில் ஆல்கஹாலின் ஆவி 13 டிகிரியிலேயே தீப்பற்றும். நூற்றுக்கு 40 பங்கு ஆல்கஹாலுள்ள கரைசலோ சுமார் 26 டிகிரியில்தான் பற்றும். அங்கே எரிபொருள் ஆல்கஹால்; நீர் தடையே.

2009-இல் மறைந்த கான்சியஸ், தாமே புற்றுநோயுடன் போராடிக்கொண்டு அதற்கு மருத்துவம் தேடியவர். அவர் கண்ட நிகழ்ச்சி ஆராயத் தக்கது; அதன்மேல் ஏற்றப்பட்ட நம்பிக்கைதான் தவறு. நீரில் ஓடும் எந்திரம் என்று யாரேனும் காட்டினால், மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது: உள்ளே செலுத்திய ஆற்றல் எவ்வளவு, வெளியே பெற்றது எவ்வளவு? இரண்டையும் அளந்து காட்டாத வரையில் அதை எரிபொருள் என்று ஏற்க வேண்டியதில்லை.