ஒரு மின்னல், இரு மனிதர்கள்

பாசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ என்னும் மலையாளப் படம் 2021 டிசம்பரில் தமிழ்க் குரலுடனும் வெளிவந்தது. ஒரே இரவில் ஒரு தையற்காரனையும் ஒரு தேநீர்க் கடைத் தொழிலாளியையும் மின்னல் தாக்குகிறது. இருவரும் அதிசய ஆற்றல் பெறுகின்றனர். ஒருவன் ஊரைக் காக்கிறான்; மற்றவன் அழிக்கிறான்.

காரணம் ஒன்றாயினும் தொடக்க நிலை வேறானால் விளைவும் வேறாகும். தொழிலாளி ஷிபு, பைத்தியம் என்று ஊர் ஒதுக்கிய மனிதன். அவனுள் இருள் வளர்வதை நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் கண்களாலேயே உணர்த்துகிறார். தையற்காரனாக வரும் டோவினோ தாமஸின் வெகுளித்தனம் அதற்கு நல்ல எதிரிணை.

மனிதரைப் பற்றி உண்மை சொல்லும் படம், மின்னலைப் பற்றிச் சொல்வதோ வெறும் கற்பனை. மின்னலின் மின்னோட்டம் ஏறத்தாழ 30,000 ஆம்பியர். தாக்குண்டவர் பிழைத்தாலும் நரம்பும் செவியும் கெடலாம். ஆற்றல் எதுவும் வராது. அவர் உடலில் மின்சாரம் தங்குவதுமில்லை. ஆகவே அஞ்சாமல் தொட்டு உடனே முதலுதவி செய்யலாம்.

ஸ்ரீவைகுண்டத்து வயல்களில் ஐப்பசி இடிமழையின்போது பலர் மரத்தடியில் ஒதுங்குகின்றனர். அது ஆபத்து, இடியோசை கேட்டதும் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். படத்தை ரசித்த மாணவர்கள் இதையும் வீட்டில் எடுத்துச் சொல்லட்டும்.