விசித்திர உடையும் கலைஞரின் உந்துதலும்: யப்பானியப் பெண் கலைஞர் இருவரை முன்வைத்துச் சில கருத்துக்கள்

உடை பற்றிய ஆய்வு நமது விமர்சன எழுத்துக்களில் அருகியே காணப்படுகின்றது. அவ்வாறு காணப்படும் சந்தர்ப்பங்களிலும் உடையானது நுகர்வு மோகத்தின் சின்னமாகவே கொள்ளப்படுகின்றது. அணிவதற்கு அரிய உடைகளையும் விசித்திரமான உருவமைப்புக்களையும் வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் முற்போக்கு வாசகரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வொதுக்கல் முற்றிலும் ஆதாரமற்றதன்று. விலையுயர்ந்த உடையைச் சூழ்ந்துள்ள வணிகம் கண்கூடானது. எனினும், விசித்திரமானது என்ற காரணத்துக்காக மாத்திரம் ஓர் ஆக்கத்தை நிராகரிப்போமாயின், அது எத்தகைய சமூக அனுபவத்தினின்றும் பிறந்தது, படைத்தவருக்கும் பிறருக்கும் எவ்வகையில் ஊற்றாயமைந்தது என்னும் வினாக்கள் எழாமலே போய்விடும்.

தனக்கா அத்சுகோ (1932–2005) ஒசாக்காவிற் பிறந்தவர். யொஷிஹரா ஜிரோவின் தலைமையில் 1954இல் தோன்றிய குதாய் கலைக்குழுவில் 1955இல் இணைந்தவர். யுத்தத்திலே தோல்வியுற்று, 1952 வரை நேசநாட்டுப் படைகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த யப்பான், அக்காலத்திற் கைத்தொழில் வளர்ச்சியில் விரைந்து முன்னேறத் தொடங்கியிருந்தது. நகரங்களின் இரவை விளம்பர விளக்குகள் நிறைத்தன. ஒசாக்கா புகையிரத நிலையத்திற் கண்ட நியோன் விளம்பரமே தனக்காவின் 'மின்னுடை'க்கு வித்திட்டது. 1956இல் ரோக்கியோவில் நடைபெற்ற குதாய்க் குழுவின் கண்காட்சியில் இடம்பெற்ற அவ்வுடை, வர்ணம் பூசப்பட்ட ஏறக்குறைய 200 மின்குமிழ்களாலும் அவற்றைப் பிணைக்கும் மின்கம்பிகளாலும் ஆனது. குமிழ்கள் அணைந்தணைந்து எரிய, தனக்கா தாமே அதனை அணிந்து நின்றார்.

இவ்வாக்கத்தின் பொருளை அதன் பொருட்களிலேயே தேடுதல் வேண்டும். விளம்பர விளக்கின் பணி வாங்குவோரை ஈர்ப்பதாகும். தனக்கா அவ்விளக்கைச் சுவரினின்றும் இறக்கி உடலின்மீது ஏற்றினார். அங்கும் அது கண்ணை ஈர்க்கின்றது. ஆயின், விற்பதற்கு எதுவுமில்லை. குமிழ்களின் வெப்பம், கம்பிகளின் பாரம், மின்தாக்கும் அபாயம் யாவற்றையும் அணிபவரே தாங்குகின்றார். தூரத்தினின்று நோக்குவோர்க்கு அழகாய்த் தோன்றும் நவீனத்துவத்தின் சுமையை யாருடைய உடல் தாங்குகின்றது என்னும் வினா, எவ்விதப் பிரசாரமுமின்றி இங்கு எழுப்பப்படுகின்றது. அவ்வுடல் ஒரு பெண்ணின் உடல் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இதனினும் முக்கியமானது இதன் பின்விளைவாகும். உடையை ஆக்கியபொழுது வரைந்த மின்னிணைப்புப் படங்களிலிருந்து தனக்காவின் ஓவியம் புதுவழி கண்டது. குமிழ்கள் வட்டங்களாகவும் கம்பிகள் கோடுகளாகவும் மாறின. அதன் பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் இவ்வட்டங்களையும் கோடுகளையுமே அவர் மீளமீள வரைந்தார். தெருவின் விளம்பரம் உடையாயிற்று, உடை ஓவியமாயிற்று. தனிமனித உந்துதல் எனப்படுவது புறவுலகினின்றும் துண்டிக்கப்பட்ட அகத்தின் பொறியன்று என்பதற்கு இதனிற் சிறந்த சான்று அரிது.

கவாகுபோ ரெய் (பிறப்பு 1942) இயங்கியது வேறொரு தளத்தில். கெய்யோ பல்கலைக்கழகத்தில் கலையும் இலக்கியமும் பயின்ற இவர், உடையமைப்பில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். 'கொம் தெ கார்சோன்' என்னும் பெயரில் 1969 முதல் உடைகளை ஆக்கிவந்து, 1981இற் பரிஸ் நகரில் அவற்றை முதன்முறையாகக் காட்டினார். 1982இல் வெளியான துளைகள் நிறைந்த பின்னற்சட்டைகள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. பின்னல் இயந்திரத்தின் திருகாணிகள் சிலவற்றைத் தளர்த்தி அத்துளைகள் உண்டாக்கப்பட்டன. வழுவற்ற ஒரேசீரான பொருளைத் தருவதே இயந்திரத்தின் தர்மம் எனக் கருதப்படும் உலகில், வழுவையே வடிவமாக்கிய செயல் அது. மேலைப் பத்திரிகையாளர் சிலர் அவற்றை ஹிரோஷிமாவின் சிதைவோடு இணைத்து எழுதினர். இது விமர்சனமன்று, ஒரு கலைஞரின் சிந்தனையை அவரது நாட்டின் காயமாகச் சுருக்கும் மேலாதிக்கப் பார்வையாகும்.

1997ஆம் ஆண்டுக்கான தொகுதியில் தோள், முதுகு, இடை ஆகியவற்றிற் பஞ்சணைகள் புடைத்து நிற்க, பெண்ணுடலின் 'இலட்சிய' வடிவம் குலைக்கப்பட்டது. அதே ஆண்டில் நடனக் கலைஞர் மேர்ஸ் கனிங்காமின் 'சினாரியோ' என்னும் ஆக்கத்துக்கும் அத்தகைய உடைகளை அவர் அமைத்தளித்தார். உடை மாறவே நடனக்காரரின் சமநிலையும், இருவரிடையேயான இடைவெளியும் மாறின. ஒரு துறையின் விசித்திரம் மற்றொரு துறையின் இலக்கணத்தைத் திருத்தியமைத்த நிகழ்ச்சி இது.

ஆயினும் இங்கொரு முரண்பாட்டை மறைத்தலாகாது. கவாகுபோவின் வினா உயர்ந்த விலைக்கு விற்கப்படும் வினாவாகும். எதிர்ப்பையும் சரக்காக்கவல்லது சந்தை. தனக்காவின் உடையும் இதற்கு முற்றிலும் புறம்பானதன்று. 1986இல் மீளவமைக்கப்பட்ட அது, இன்று கலைக்கூடங்களிற் பெரும்பாலும் அணிவாரின்றியே நிற்கின்றது. ஒளி எஞ்சியுள்ளது, அபாயம் அகன்றுவிட்டது. உடலற்ற உடையைக் கண்டு வியப்பவர், அதன் வினாவைக் கேளாமலே திரும்பிச்செல்லக்கூடும்.

ஆதலால், இத்தகைய ஆக்கங்களிலிருந்து உந்துதல் பெற விழைவோர் அவற்றின் தோற்றத்தைப் பிரதிபண்ணுவதாற் பயனில்லை. பின்பற்றவேண்டியது, தம்மைச் சூழ்ந்துள்ள சாதாரணப் பொருளொன்றை அதன் பழகிய பணியினின்றும் விடுவித்து, அதன் சுமையைத் தம் உடலிலே உணர்ந்து, அவ்வுணர்விலிருந்து புதுவடிவம் காணும் முறையாகும். விசித்திரத்தைக் கண்டவிடத்து நகைப்பதும் எளிது, வியப்பதும் எளிது. அது யாருடைய எந்த அனுபவத்தின் வடிவம் என வினவுவதே விமர்சனத்தின் பணியாகும்.