கரை இல்லாத பக்கம்

ஒரு கடையின் இணையதளத்தில் தொலைபேசி எண்ணைத் தேடுகிறோம். அது பக்கத்தின் அடியில் இருக்கும் என்று தெரியும். விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். அடிப்பகுதி ஒரு நொடி தலைகாட்டுகிறது. அதற்குள் புதிய பொருள்கள் வரிசையாக வந்திறங்கி அதைக் கீழே தள்ளிவிடுகின்றன. முடிவில்லா ஸ்க்ரோல் என்னும் அமைப்பைப் பொருந்தாத இடத்தில் வைப்பதால் வரும் தொல்லை இது.

2006-இல் வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் இதை உருவாக்கியபோது நோக்கம் நல்லதுதான்: அடுத்த பக்கத்துக்காக ஒவ்வொரு முறையும் அழுத்திக் காத்திருக்க வேண்டாம். கைபேசியில் பொடிப்பொடியான பக்க எண்களைத் தொடுவதைவிட விரலால் தள்ளுவது எளிது. இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் எதையும் குறிப்பாகத் தேடாமல் படம் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இது ஏற்றது.

தேடி வருபவரின் தேவை வேறு. நான்கு புடவைகளை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, முதலில் பிடித்தது மூன்றாம் பக்கத்தில் இருந்தது என்ற நினைவே வழிகாட்டி. பக்க எண் இல்லாத தளத்தில் அந்த அடையாளம் இல்லை. ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், பல தளங்கள் நம்மைத் தொடக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன. விசைப்பலகையையோ திரைவாசிப்பானையோ நம்பியிருப்பவரின் பாடு இன்னும் கடினம்: அடியிலுள்ள இணைப்பை எட்ட, பெருகிக்கொண்டே போகும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பக்கம் முடியும் இடத்தில்தான் ‘போதுமா, இன்னும் பார்க்கலாமா’ என்று நாம் யோசிக்கிறோம். அந்த இடத்தை எடுத்துவிட்டால் நேரம் கைநழுவிப் போவது தெரிவதில்லை. இதற்காகவே ராஸ்கின் பின்னாளில் தன் கண்டுபிடிப்பை எண்ணி வெளிப்படையாக வருந்தினார்.

கூகுள் தன் தேடல் முடிவுகளில் 2021-இல் கைபேசிக்கும், 2022-இல் கணினிக்கும் தொடர் ஸ்க்ரோலைக் கொண்டுவந்தது, 2024-இல் கைவிட்டது. கணினியில் பக்க எண்கள் திரும்பின. கைபேசியில் கூடுதல் முடிவுகளைக் கேட்டுப் பெறும் பொத்தான் வந்தது. அந்தப் பொத்தான் நல்ல நடுவழி: பார்த்துக்கொண்டே போக விரும்புபவரைத் தடுக்காது, முடிவெடுக்கும் உரிமையையும் பறிக்காது.

உலவ வருபவருக்கு உதவும் இந்த அமைப்பைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அப்படியே போடுவதுதான் தவறு. தளத்தை வெளியிடும் முன், அடியிலுள்ள தொலைபேசி எண்ணை விசைப்பலகையால் மட்டும் எட்ட முடிகிறதா என்று வடிவமைப்பாளர் ஒருமுறை பார்க்கட்டும். எட்டவில்லையென்றால், அவசரத்தில் அதைத் தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்புவார்.