மூதூர் 2006: நாம் எழுதாத பக்கம்

2006 ஓகஸ்டில் ஜெர்மன் எழுத்தாளர் குந்தர் கிராஸ், தன் 17ஆவது வயதில் ஹிட்லரின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததைப் பத்திரிகைப் பேட்டியொன்றில் சொன்னார். நோபல் பரிசு பெற்றவர்; மற்ற ஜெர்மானியரின் மறதியை அரை நூற்றாண்டாகக் கண்டித்து வந்தவர். அதே மாதம் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர் காலியாகிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்கு இக்கரையில் ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த நேரம் கிராஸாவது, ஆராவது! பிறகு வாசித்தபோதுதான் இரண்டு ஓகஸ்டும் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

மூதூரைப் பற்றி நம்மவர்கள் எழுதாமல் இல்லை. 2ஆம் திகதி புலிகள் ஊருக்குள் வந்தது, அரபுக் கல்லூரியில் தஞ்சமடைந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது, வழியில் இளைஞர்கள் பிரித்தெடுக்கப்பட்டது, கந்தளாய்க்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை, எல்லாம் எழுத்தில் வந்திருக்கின்றன. இன்னும் வரவேண்டும்.

ஆனால் ஊர் வெறிச்சோடிய அதே 4ஆம் திகதி, மூதூரில் ஏ.சி.எப். என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் வளவுக்குள் 17 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பு 2008இல் வெளியிட்ட அறிக்கை, சுட்டவர்களாகப் பொலிஸாரோடு ஒரு முஸ்லிம் ஊர்காவல் படையினரையும் குறிப்பிட்டது. வழக்கு எங்கும் போய்ச் சேரவில்லை. எவரும் தண்டிக்கப்படவும் இல்லை. அறிக்கை சொல்வது நீதிமன்றத் தீர்ப்பு அல்லதான். ஆனால் கதை எழுதத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? என் வாசிப்பில் அந்த வளவுக்குள் நுழைந்த நம்மவர் சிறுகதை ஒன்றைக்கூட நான் காணவில்லை. செத்துப்போன அந்த ஒரேயொரு முஸ்லிமைக்கூட நம் துக்கக் கணக்கில் சேர்க்க நமக்குத் தயக்கம்.

இந்த இடத்தில் மேடைகளில் ஜெர்மானியரை உதாரணம் காட்டுவார்கள்: "பாருங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்." அவ்வளவு சுத்தமாக இல்லை விஷயம். அரசு ஒப்புக்கொண்டது, பெர்லினின் நடுவில் 2,711 கற்பாளங்களை நட்டு 2005இல் நினைவிடம் திறந்தது. வீட்டுக்குள் நடந்தது வேறு. ஹரால்ட் வெல்சரும் அவருடைய சகாக்களும் குடும்பங்களோடு பேசி 2002இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். 'தாத்தா நாஜி இல்லை' என்பது அதன் தலைப்பின் பொருள். பாடசாலையில் எல்லாம் படித்த பேரப்பிள்ளைகள், தங்கள் தாத்தாவை மட்டும் யூதர்களுக்கு இரங்கிய நல்ல மனிதராக மாற்றிக் கதை சொன்னார்கள். தாத்தாவே பெருமைப்பட முடியாத விஷயத்தைச் சொல்லியிருந்தாலும்கூட!

இது நமக்கு நன்கு தெரிந்த குரல். "நம்மட பொடியனுகள் அப்படிச் செய்ய மாட்டானுகள்." அதே மூச்சில், "அவனுகள்ற குணமே அப்படித்தான்." அந்தக் காலத்தில் எம்டன் என்ற ஒரு ஜெர்மன் கப்பல் 1914இல் சென்னையில் குண்டு போட்டதற்காக, நம் மூத்தவர்கள் தந்திரக்காரனை எல்லாம் 'எம்டன்' என்றார்கள். அது விளையாட்டு. ஒரு கொலையை இனத்தின் குணமாக ஆக்கினால், துவக்கைத் தூக்கியவன் கூட்டத்துக்குள் மறைந்துவிடுகிறான். அது மற்றவனுக்கு மட்டுமல்ல, நம்மவனுக்கும் வசதியான மறைவிடம்.

ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' இயக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்களின் வாழ்வுக்குள் அக்கறையோடு போனது. பக்கத்து வீட்டுக் கதவை நம் எழுத்து தட்டியிருக்கிறது. சொந்த வீட்டில்தான் கைவைக்கவில்லை. உற்றார் உறவினருக்கு எதிராக ஆனாலும் சாட்சி சொல்லச் சொல்லும் சூரா அந்நிஸாவின் 135ஆவது வசனத்தை ஜும்ஆவில் கேட்டுவிட்டுத்தான் வருகிறோம்.

"எதிரியிட கையில ஆயுதம் குடுக்கிறியளா?" என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3இல் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றவர்களும் தண்டிக்கப்படவில்லை. நாம் மட்டும் ஏன் முதலில் பேசவேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பது குற்றப்பத்திரிகை அல்ல, ஒரு நாவல். அரசு கொடுத்த துவக்கோடும் சின்னச் சம்பளத்தோடும் ஊர் எல்லையில் நின்ற ஒரு ஊர்காவல் படைப் பொடியன். அந்தக் கிழமை அவன் யாரைப் பறிகொடுத்தான், எந்தக் கட்டளையைக் கேட்டான், கந்தளாயில் உம்மாவைக் கண்டபோது என்ன சொன்னான்?