சாரட்டில் சொகுசு யாருக்கு?

போன வாரம் எங்கள் தெரு வழியாக ஒரு கல்யாண ஊர்வலம் போச்சு. வெள்ளை சாரட்டு, ரெண்டு குதிரை. மாப்பிள்ளை சாய்ந்துகொள்ள மெத்தை, தலைக்கு மேல் பேட்டரி ஃபேன், சுற்றிலும் எல்இடி சரம், பின்னால் ஸ்பீக்கர். "எல்லா வசதியும் பண்ணிட்டாங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். என் கண்ணில் பட்டது குதிரையின் காது. பாட்டு அதிரும்போதெல்லாம் அது பின்னால் மடங்கியது.

இது நம்மூர் பழக்கம் மட்டுமில்லை. லண்டனில் 1762-இல் செய்த தங்க முலாம் பூசிய அரச வண்டி இருக்கிறது. அதன் கூண்டு தோல் வார்களில் தொங்குவதால் ஆட்டம் அதிகம். எலிசபெத் ராணியே அதில் போன பயணத்தைப் பற்றி அலுத்துக்கொண்டார். 2014-இல் புழக்கத்துக்கு வந்த புது வண்டியில் ஆட்டத்தைக் குறைக்க ஹைட்ராலிக் கருவி, ஹீட்டர், மின்சார ஜன்னல் எல்லாம் உண்டு. 2023 மே 6 அன்று முடிசூட்டிக்கொள்ள மன்னர் சார்லஸ் போனது இதில்தான். இந்த வசதி அத்தனையும் உட்கார்ந்திருப்பவருக்கு.

பழமை கெட்டுப்போச்சு என்று நான் புலம்பவில்லை. ரப்பர் டயரும் பேரிங்கும்கூட ஒரு காலத்தில் புதுசுதான். அவை இழுப்பதை லேசாக்கின. நல்ல பிரேக் இருந்தால் இறக்கத்தில் வண்டியின் எடையைக் குதிரை தாங்க வேண்டியதில்லை. ஃபேனும் பேட்டரியும் ஸ்பீக்கரும் அந்த எடையைக் கூட்டத்தான் செய்கின்றன. திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். முன்னால் பாய்வது மரக்குதிரை, வடம் பிடிப்பது மனிதர்கள். திருச்சி பெல் நிறுவனம் அதற்குப் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக், கீழே நிற்பவர்களின் உயிருக்கானது.

நம் கடற்கரைக்கு இதில் பழைய பாக்கி ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். இன்றைய பழையகாயல்தான் அது என்பார்கள். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன. பெரும் விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் பாண்டிய நாட்டில் ஏராளமாகச் செத்தன. லாடம் அடிப்பவரும் பராமரிக்கத் தெரிந்தவரும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். வெளியூர்க்காரர், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தக் காதைப் பார்த்த பிறகு என்னால் அதைத் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த முறை சாரட்டு பேசும்போது ஃபேன் இருக்கான்னு கேட்பதற்கு முன்னால், பிரேக் இருக்கா, வழியில் குதிரைக்குத் தண்ணி காட்டுவீங்களா, ஸ்பீக்கரை இறக்கிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஊர்வலத்தின் கம்பீரம் ஒன்றும் குறையாது.